உங்கள் கற்பித்தல் பாணிக்கு எந்த ஆங்கிலச் சொல்? நான்கு தெரிவுகள், ஓர் ஒப்பீடு

நன்றாகப் பாடம் நடத்தத் தெரிந்த பலர், 'வாட் இஸ் யுவர் டீச்சிங் ஸ்டைல்?' என்ற ஒரே கேள்வியில் தடுமாறிப்போகிறார்கள். பாலர் பள்ளி வேலைக்கு விண்ணப்பிப்பவர்கள், பகுதிநேரமாகப் பள்ளியில் கற்பிக்க நினைப்பவர்கள், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு வரவேற்பறையில் நான்கைந்து பிள்ளைகளுக்குக் கணக்கோ தமிழோ சொல்லித்தருபவர்கள் என்று எல்லாரும் கேட்பது ஏறக்குறைய ஒன்றுதான். 'ஸ்ட்ரக்சர்ட்' என்று போடலாமா? 'ஸ்டூடன்ட்-சென்டர்ட்' என்றால் நன்றாக இருக்குமா? 'ஃபெசிலிடேட்டர்' என்று சொல்லாவிட்டால் பழைய ஆள் என்று நினைத்துவிடுவார்களா?

இணையத்தில் தேடினால் நீளமான சொற்பட்டியல்கள் கிடைக்கும். அவற்றால் இந்தக் குழப்பம் தீராது. ஒவ்வொரு சொல்லும் உங்கள் வகுப்பறையைப் பற்றி ஓர் உறுதிமொழி கொடுக்கிறது. கேட்பவர் அந்த உறுதிமொழியைத்தான் சோதிக்கப் போகிறார். சிங்கப்பூரில் இது கூடுதலாகவே பொருந்தும். அரசாங்கப் பள்ளி ஆசிரியர்கள் பயிற்சி பெறுவது தேசியக் கல்விக் கழகத்தில். அதனால் பள்ளிக்காரர்களிடம் பொதுவான ஒரு தொழிற்சொல் வழக்கு இருக்கிறது. அங்கே ஒரு சொல்லைத் தளர்வாகப் பயன்படுத்தினால் உடனே தெரிந்துவிடும். பெற்றோரின் சொல் வழக்கோ முற்றிலும் வேறு.

ஆகவே சொற்களை நான்கு குடும்பங்களாகப் பிரித்திருக்கிறேன். முதலில் எதை வைத்து எடைபோடுவது என்று பார்த்துவிடலாம்.

## எடைபோட நான்கு கேள்விகள்

முதல் கேள்வி, யார் கேட்கிறார்கள் என்பது. பள்ளி நேர்காணல் குழுவுக்கு மதிப்பாகப் படும் சொல், பிஎஸ்எல்இ என்ற தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வை எழுதப்போகும் பிள்ளையின் அம்மாவுக்குக் கவலை தரலாம்.

இரண்டாவது, அந்தச் சொல்லைச் சொன்னதும் வரப்போகும் அடுத்த கேள்வி. என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். 'இன்குவைரி' என்று சொன்னால், 'கேன் யூ கிவ் மீ அன் எக்ஸாம்பிள்?' என்பார்கள். போன வாரம் நீங்கள் உண்மையில் நடத்திய ஒரு வகுப்பை அதற்குப் பதிலாகச் சொல்ல முடியுமா? முடிந்தால் அந்தச் சொல் உங்களுடையது. முடியாவிட்டால் எவ்வளவு அழகான சொல்லாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

மூன்றாவது, சொல்லின் மேல் படிந்திருக்கும் நிழல். 'ஸ்ட்ரிக்ட்', 'ஃபர்ம்' இரண்டும் கண்டிப்பைத்தான் குறிக்கின்றன. ஆனால் 'ஃபர்ம்' என்பதில் நிதானமும் சேர்ந்திருக்கிறது, 'ஸ்ட்ரிக்ட்' என்பதில் அது இல்லை.

நான்காவது, பிள்ளையின் வயதும் பாடமும். ஐந்து வயதுக் குழந்தைக்குத் தமிழ் சொல்லித்தருவதையும் உயர்நிலை நான்கு மாணவருக்கு வேதியியல் நடத்துவதையும் ஒரே சொல்லால் சொல்ல முடியாது.

## தெரிவு 1: 'எக்ஸ்ப்ளிசிட்', 'ஸ்ட்ரக்சர்ட்', 'சிஸ்டமேடிக்'

ஆசிரியர் முதலில் செய்து காட்டுவார், பிறகு பிள்ளையோடு சேர்ந்து ஒன்று செய்வார், அப்புறம் பிள்ளை தனியாகச் செய்யும். ஆங்கிலத்தில் இதையே 'ஐ டூ, வீ டூ, யூ டூ' என்று எளிமையாகச் சொல்வார்கள். பொறுப்பை ஆசிரியரிடமிருந்து மாணவருக்குப் படிப்படியாகக் கைமாற்றும் இந்த முறையை 1983இல் கல்வி ஆய்வாளர்கள் பியர்சன், கேலகர் இருவரும் எழுதி விளக்கினார்கள். நம்மில் துணைப்பாடம் நடத்தும் பெரும்பாலோர் செய்வது இதைத்தான். அதைச் சொல்லக் கூச்சப்பட எந்தக் காரணமும் இல்லை.

கூச்சம் எங்கிருந்து வருகிறது என்பது புரிகிறது. 2004 தேசிய தினப் பேரணி உரையில் அன்றைய பிரதமர் லீ சியன் லூங் 'டீச் லெஸ்' என்று சொன்னதும், அடுத்த ஆண்டு 'டீச் லெஸ், லேர்ன் மோர்' ஓர் இயக்கமாகவே தொடங்கியதும், ஆசிரியர் நின்று விளக்குவதே குறை என்ற எண்ணத்தைப் பலரிடம் விதைத்துவிட்டன. மனப்பாடத்தையும் தேர்வுக்கான திணிப்பையும் குறைப்பதுதான் அந்த இயக்கத்தின் நோக்கம். தெளிவாக விளக்குவதை அது ஒதுக்கவில்லை. அறிமுகமில்லாத ஒன்றைப் புதிதாகக் கற்பவருக்கு நேரடி வழிகாட்டல் தேவை என்று கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் 2006இல் வலுவாக வாதிட்டார்கள். பராக் ரோசன்ஷைன் 2012இல் தொகுத்துத் தந்த கற்பித்தல் கோட்பாடுகளும் ஏறக்குறைய இதே பக்கம்தான்: சிறு சிறு படிகளாகக் கொடு, ஒவ்வொரு படியிலும் புரிந்ததா என்று பார், பிறகு பயிற்சி கொடு.

இதிலுள்ள மறைமுகச் செலவு, அக்கம்பக்கத்துச் சொற்களிலிருந்து வருகிறது. 'ஸ்ட்ரக்சர்ட்' என்று தொடங்கி 'ஐ டிரில் தெம்' என்று முடித்தால், முன்னால் சொன்னதெல்லாம் அழிந்துபோகும். 'டிரில்' என்ற சொல் துணைப்பாட விளம்பரத்தில் பெற்றோருக்குப் பிடிக்கலாம். பள்ளி நேர்காணலில் அது யோசிக்க விடாத பயிற்சி என்றே கேட்கும். 'ரோட்' (வெறும் மனப்பாடம்), 'ஸ்பூன்-ஃபீடிங்' (எல்லாவற்றையும் ஊட்டிவிடுவது), 'சாக் அண்ட் டாக்' (பலகையில் எழுதிப் பேசிக்கொண்டே போவது) மூன்றும் பிறரைக் குறைசொல்லும் சொற்கள். தன்னைப் பற்றிப் பேசும்போது அவை வேண்டாம். 'டிடாக்டிக்' என்பதைச் சில நூல்கள் நடுநிலையாகவே பயன்படுத்தினாலும், அன்றாட ஆங்கிலத்தில் உபதேசம் செய்கிற தொனி அதற்கு உண்டு.

'டைரக்ட் இன்ஸ்ட்ரக்ஷன்' விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. 1960களில் சீக்ஃபிரீட் எங்கெல்மன் உருவாக்கிய திட்டத்துக்கும் அதே பெயர்தான். அதில் ஆசிரியர் பேச வேண்டிய வரிகள்கூட முன்பே எழுதப்பட்டிருக்கும். விவரம் தெரிந்தவர் எதைச் சொல்கிறீர்கள் என்று கேட்கக்கூடும். 'எக்ஸ்ப்ளிசிட்' என்றால் இந்தத் தொல்லை கிடையாது.

இந்தக் குடும்பம் மிகவும் பொருந்துவது கணக்குக்கு, பிஎஸ்எல்இ ஆண்டுக்கு, அடித்தளம் ஆட்டம் கண்டிருக்கும் பிள்ளைகளுக்கு. வீட்டில் தமிழ் காதில் விழாத பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தருபவர்களுக்கும் இதைத்தான் பரிந்துரைப்பேன். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இங்குள்ள இந்தியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம் என்று தெரியவந்தது. ஒரு மொழியைக் கேட்டே பழகாத பிள்ளையிடம் 'நீயே கண்டுபிடி' என்று சொல்வது நியாயமில்லை.

சொல்லிப் பார்க்க ஒரு வாக்கியம்: 'ஐ டீச் எக்ஸ்ப்ளிசிட்லி. ஐ ஷோ ஒன் எக்ஸாம்பிள், வீ டூ ஒன் டுகெதர், தென் த சைல்ட் ட்ரைஸ் அலோன்.' இதில் கடைசித் துண்டை விடவே கூடாது. பிள்ளை தனியாக நிற்கும் கட்டம் உங்கள் திட்டத்தில் இருக்கிறது என்பதைக் காட்டுவது அதுதான்.

## தெரிவு 2: 'ஃபெசிலிடேட்டர்', 'ஸ்டூடன்ட்-சென்டர்ட்', 'இன்குவைரி-பேஸ்ட்'

நல்ல சொற்கள்தான். 'ஸ்டூடன்ட்-சென்டர்ட்' என்றால் வகுப்பின் நடுவில் ஆசிரியரை வைக்காமல் மாணவரை வைப்பது. ஆனால் பொருந்தாத இடத்தில் அதிகம் பயன்படுவதும் இவைதான்.

'ஃபெசிலிடேட்டர்' என்பவர் விடையைத் தருவதில்லை. பிள்ளைகள் விடையை நோக்கி நகர வழிசெய்து கொடுப்பவர். 1993இல் அலிசன் கிங் எழுதிய கட்டுரையின் தலைப்பு, மேடையில் நிற்கும் ஞானியிலிருந்து பக்கத்தில் நிற்கும் வழிகாட்டிக்கு என்ற பொருளில் அமைந்தது. அந்த ஆங்கிலத் தொடர் இன்றும் ஆசிரியர்கள் வாயில் புழங்குகிறது. சிங்கப்பூரில் இந்தச் சொல்லுக்கு இரண்டு இடங்களில் உறுதியான வீடு உண்டு. ஒன்று, ரிபப்ளிக் பலதுறைத் தொழிற்கல்லூரி. ஒரு நாளைக்கு ஒரு சிக்கல் என்ற முறையோடு தொடங்கிய அந்தக் கல்லூரியில், கற்பிப்பவரின் வேலையே ஃபெசிலிடேட்டர் வேலைதான். இன்னொன்று, பாலர் பள்ளி. பாலர் கல்விக்கான கல்வி அமைச்சின் 'நர்ச்சரிங் எர்லி லேர்னர்ஸ்' கட்டமைப்பில் 'டீச்சர்ஸ் அஸ் ஃபெசிலிடேட்டர்ஸ் ஆஃப் லேர்னிங்' என்பது ஒரு கோட்பாடு. நோக்கத்தோடு கூடிய விளையாட்டைச் சொல்லும் 'பர்பஸ்ஃபுல் பிளே' இன்னொரு கோட்பாட்டில் வருகிறது. பாலர் பள்ளி நேர்காணலுக்குப் போகிறவர்கள் இந்த இரண்டையும் தெரிந்துகொள்ளாமல் போகாதீர்கள்.

'இன்குவைரி' அறிவியலிலும் சமூகவியல் பாடங்களிலும் உயிரான சொல். நம் அறிவியல் பாடத்திட்டத்தின் நடுவிலேயே அது உட்கார்ந்திருக்கிறது. ஒரு கேள்வியை எழுப்பி, சான்று தேடி, விளக்கம் உருவாக்குவது என்பது அதன் பொருள். வகுப்பில் நிறையக் கேள்வி கேட்பது மட்டும் 'இன்குவைரி' ஆகிவிடாது. அதற்கு 'குவெஸ்சனிங்' என்று வேறு சொல் இருக்கிறது, அதுவும் மரியாதையான சொல்தான். கேள்வி கேட்டுக் கேட்டே மாணவரின் எண்ணத்தைத் துலக்குகிறவர் என்றால் 'சாக்ரடிக்' என்று சொல்லலாம்.

மறைமுகச் செலவு இங்கே அதிகம். ஒன்று, சான்று கேட்பார்கள். பிள்ளைகள் எந்தக் கேள்வியை எழுப்பினார்கள், நீங்கள் எதைச் சொல்லாமல் விட்டீர்கள், எந்தக் கட்டத்தில் தலையிட்டீர்கள் என்று வரிசையாகச் சொல்லவேண்டி வரும். இன்னொன்று, காசு கொடுக்கும் பெற்றோரின் காதில் 'ஐ ஆம் அ ஃபெசிலிடேட்டர்' என்பது, 'நான் பாடம் நடத்தமாட்டேன், உங்கள் பிள்ளையே பார்த்துக்கொள்ளும்' என்று கேட்கக்கூடும். தொடக்கநிலை ஆறில் இருக்கும் பிள்ளைக்கு ஆள் தேடுகிறவரிடம் இந்தச் சொல்லைச் சொல்லி வாய்ப்பை இழக்க வேண்டாம்.

## தெரிவு 3: 'ஸ்காஃபோல்டிங்', 'டிஃபரென்ஷியேட்டட்'

கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதைப் போலத் தற்காலிக உதவி கொடுத்து, பிள்ளைக்குத் திறன் வந்ததும் அதைக் கழற்றிவிடுவது 'ஸ்காஃபோல்டிங்'. இந்தச் சொல் கல்விக்குள் நுழைந்தது 1976இல், உட், புரூனர், ராஸ் மூவரின் ஆய்வுக்கட்டுரை வழியாக. அவர்கள் கவனித்தது பெரிய வகுப்பறையை இல்லை. மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள் மரக்கட்டைகளை அடுக்கிப் பிரமிடு செய்ய, பக்கத்தில் ஒருவர் இருந்து உதவினார். அதாவது, தனிப்பயிற்சியை ஆராய்ந்தபோது பிறந்த சொல் இது. பெரிய பள்ளிக்காரர்கள் பேசும் சொல் என்று துணைப்பாட ஆசிரியர்கள் இதைத் தள்ளி வைப்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இதன்மேல் முதல் உரிமை அவர்களுக்குத்தான்.

பதிலில் பலரும் விட்டுவிடுவது கழற்றும் பகுதியைத்தான். 'ஐ கிவ் ஹெல்பிங் வேர்ட்ஸ் ஃபார் காம்போசிஷன்' என்பதோடு நிறுத்தினால் அது உதவி மட்டுமே. 'முதல் மாதம் பத்துச் சொற்கள் கொடுப்பேன், பிறகு ஐந்து, பிறகு படம் மட்டும்' என்று சொன்னால்தான் ஸ்காஃபோல்டிங். தமிழ்க் கட்டுரை சொல்லித்தருகிற பலர் இதை இயல்பாகவே செய்கிறார்கள், பெயர் வைத்துச் சொல்வதுதான் இல்லை.

'டிஃபரென்ஷியேட்டட்' என்பது, ஒரே வகுப்பில் இருக்கும் வெவ்வேறு நிலைப் பிள்ளைகளுக்கு ஏற்பப் பாடத்தையோ, செய்யும் விதத்தையோ, இறுதியில் கேட்கும் வேலையையோ மாற்றிக் கொடுப்பது. கேரல் ஆன் டாம்லின்சன் பெயரோடு சேர்த்து அறியப்படும் அணுகுமுறை. ஆசிரியர்கள் தேர்ச்சி பெற வேண்டிய துறைகளாகக் கல்வி அமைச்சு 2020இல் ஆறினை வரையறுத்தபோது, அவற்றில் இதுவும் 'இன்குவைரி'யும் இடம்பெற்றன. 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்து எக்ஸ்பிரஸ், நார்மல் என்ற பழைய பிரிவுகள் போய், ஜி1, ஜி2, ஜி3 என்ற மூன்று பாட நிலைகளில் படிக்கும் பிள்ளைகள் ஒரே வகுப்பில் கலந்து உட்காருகிறார்கள். பள்ளிகளில் இந்தச் சொல்லுக்கு இவ்வளவு மதிப்பு இருப்பதில் வியப்பில்லை. சிண்டா (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) போன்ற அமைப்புகளின் குழு வகுப்புகளில் கற்பிக்க விரும்புகிறவர்களுக்கும் இது நன்கு பொருந்தும்.

செலவு? நேரம். 'டிஃபரென்ஷியேட்டட்' என்று சொல்பவரிடம் பயிற்சித்தாள்களைக் காட்டச் சொல்வார்கள். மூன்று நிலைக்கு மூன்று தாள் தயாரிக்காதவர் இதைச் சொல்ல வேண்டாம். தனியாக ஒரே பிள்ளைக்குக் கற்பிக்கிறவருக்கு இது பொருந்தவே பொருந்தாது. அவருக்கு 'இண்டிவிஜுவலைஸ்ட்' அல்லது 'ஒன்-டு-ஒன்' போதும்.

## தெரிவு 4: 'பேஷன்ட்', 'க்ளியர்', 'ஃபர்ம்', 'என்கரேஜிங்'

இவை முறையைச் சொல்லும் சொற்கள் இல்லை, மனிதரைச் சொல்பவை. பெற்றோர் முதலில் தேடுவதும் இதைத்தான். பிள்ளை பயப்படாமல் கேள்வி கேட்குமா, புரியும்வரை ஒருவர் பொறுமையாக இருப்பாரா, வீட்டுப்பாடம் செய்யாவிட்டால் விடாமல் பிடிப்பாரா என்பதே அவர்கள் கவலை. வாட்ஸ்அப்பில் அனுப்பும் நான்கு வரி அறிமுகத்துக்கு 'பேஷன்ட் பட் ஃபர்ம்' என்ற மூன்று சொற்கள் மேலே சொன்ன பெரிய சொற்கள் எல்லாவற்றையும்விட நன்றாக வேலை செய்யும்.

நேர்காணலில் இவை மட்டும் போதாது. எல்லாரும் இதையே சொல்கிறார்கள் என்பதுதான் காரணம். 'இன்டராக்டிவ்', 'ஹோலிஸ்டிக்', 'ஃபன்' மூன்றுக்கும் அதே நிலைமை.

## ஒரே பார்வையில்

| | எக்ஸ்ப்ளிசிட் | ஃபெசிலிடேட்டர் / இன்குவைரி | ஸ்காஃபோல்டிங் / டிஃபரென்ஷியேட்டட் | பேஷன்ட் / ஃபர்ம் |
|---|---|---|---|---|
| பள்ளி நேர்காணல் | நல்லது, கைமாற்றும் கட்டத்தைச் சேர்த்தால் | நல்லது, எடுத்துக்காட்டு இருந்தால் | மிக நல்லது | தனியாகப் போதாது |
| பாலர் பள்ளி | கவனம் தேவை | மிகப் பொருத்தம் | பொருத்தம் | துணைக்கு நல்லது |
| பெற்றோர் | மிகப் பொருத்தம் | சந்தேகம் வரலாம் | விளக்கம் தேவை | மிகப் பொருத்தம் |
| அடுத்த கேள்வி | 'டிரில் செய்வீர்களா?' | 'எடுத்துக்காட்டு சொல்லுங்கள்' | 'தாளைக் காட்டுங்கள்' | 'சரி, ஆனால் எப்படி?' |
| மறைமுகச் செலவு | பழைய முறை என்ற நிழல் | பாடம் நடத்தாதவர் என்ற நிழல் | தயாரிப்பு நேரம் | கூட்டத்தில் கரைந்துபோவது |

## கால் இடறும் இடங்கள்

'அத்தாரிடேட்டிவ்', 'அத்தாரிடேரியன்' இரண்டும் அதிகாரத்திலிருந்து பிறந்தவை என்பதால் ஒன்றுக்கு மற்றொன்றைச் சொல்லிவிடுகிறார்கள். 1960களில் உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் பெற்றோர் வளர்ப்புமுறை பற்றிய ஆய்வில் இவற்றைப் பிரித்துக் காட்டினார். முதலாவது, அன்போடும் காரணம் சொல்லியும் கண்டிப்பாக இருப்பது. இரண்டாவது, சொன்னதைக் கேள் என்று அடக்குவது. ஓர் அசை மாறினால் பொருள் தலைகீழாகும். நாக்கு புரளும் என்று பயமிருந்தால் 'ஃபர்ம்' என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

'பிளெண்டட்' என்பது இரண்டு மூன்று பாணிகளைக் கலப்பது இல்லை. நேரடி வகுப்பையும் இணையவழிக் கற்றலையும் சேர்ப்பது. 2020இல் வீட்டிலிருந்தபடி படித்த நாள்களுக்குப் பிறகு இங்கே யாருக்கும் இதில் சந்தேகமில்லை. பாணிகளைக் கலக்கிறவர் 'ஐ அடாப்ட் மை அப்ரோச்' என்று சொல்லி, எப்போது எதற்கு மாறுவார் என்பதையும் சொல்ல வேண்டும். பல முறைகளிலிருந்தும் எடுத்துக்கொள்வதைக் குறிக்க 'எக்லெக்டிக்' என்றும் ஒரு சொல் உண்டு. அதைக் கேட்டதும், எனக்கென்று ஒரு முறை இல்லை என்று சொல்வதுபோலத்தான் எனக்குப் படுகிறது.

கணக்கு ஆசிரியர்கள் 'மாடலிங்' என்ற சொல்லில் கவனமாக இருக்கவேண்டும். செய்து காட்டுதல் என்ற பொருளில் நீங்கள் சொன்னாலும், சிங்கப்பூர்க் காதுகளுக்கு அது தொடக்கப்பள்ளிக் கணக்கில் பட்டைகள் வரையும் 'மாடல்' முறையாகவே கேட்கும். 'ஐ டெமான்ஸ்ட்ரேட்' அல்லது 'ஐ திங்க் அலவுட்' என்றால் குழப்பமில்லை. பொருள், படம், குறியீடு என்று மூன்று படியாகச் சொல்லித்தருகிறவர் 'காங்கிரீட்-பிக்டோரியல்-அப்ஸ்ட்ராக்ட்' என்றே சொல்லலாம். அது 1980களிலிருந்து நம் தொடக்கப்பள்ளிக் கணக்கின் முதுகெலும்பு.

கடைசியாக 'லேர்னிங் ஸ்டைல்ஸ்'. பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று பிள்ளைகளைப் பிரித்துக் கற்பிப்பதாகச் சொல்வது இனிமையாக இருக்கும். அப்படிப் பிரித்துக் கற்பித்தால் பயன் கூடுகிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று உளவியலாளர் நால்வர் 2008இல் விரிவாக எழுதினார்கள். பயிற்சி பெற்ற ஒருவர் எதிரே இருந்தால் இந்தத் தொடர் உங்களுக்கு எதிராகத் திரும்பும். பிள்ளையின் தயார்நிலையைப் பற்றி, அதாவது 'ரெடினஸ்' பற்றிப் பேசுங்கள்.

## எந்த இடத்துக்கு எதை

பாலர் பள்ளிக்குப் போகிறவர் 'ஃபெசிலிடேட்டர்' என்று தொடங்கி, விளையாட்டின் வழியே ஒரு தமிழ்ச் சொல்லையோ பாடலையோ எப்படி அறிமுகப்படுத்தினார் என்று ஒரு நிகழ்வைச் சொல்லட்டும். குழந்தை என்ன செய்தது என்பது அதில் கட்டாயம் வரவேண்டும்.

வீட்டில் துணைப்பாடம் நடத்துகிறவர் 'பேஷன்ட் பட் ஃபர்ம்' என்று தன்னைச் சொல்லி, முறையைச் சொல்ல 'ஸ்டெப் பை ஸ்டெப்' என்ற எளிய தொடரைச் சேர்த்துக்கொண்டால் போதும். 'எக்ஸ்ப்ளிசிட்' என்ற சொல் பெற்றோருக்குத் தேவையில்லை, செயல் இருந்தால் சரி. குழுவாக நடத்துகிறவர் மட்டும், நிலைக்கு ஏற்பத் தாள் மாறும் என்பதை ஒரு வரியில் எழுதட்டும்.

பள்ளியில் பகுதிநேர ஆசிரியராக, ஃபிளெக்சி-அட்ஜங்க்ட் திட்டத்தில் சேர நினைப்பவருக்கு 'எக்ஸ்ப்ளிசிட்', 'ஸ்காஃபோல்டிங்' இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொள்ளச் சொல்வேன். ஒன்று தொடக்கத்தைச் சொல்கிறது, மற்றது விலகிக்கொள்வதைச் சொல்கிறது. இரண்டுக்கும் ஒரே பாடத்திலிருந்து எடுத்துக்காட்டு சொல்லுங்கள். தொடக்கநிலை ஐந்துத் தமிழ்க் கட்டுரை என்றால், முதல் வாரம் கரும்பலகையில் நீங்கள் எழுதிக் காட்டிய பத்தி, மூன்றாம் வாரம் கொடுத்த சொற்பட்டியல், ஆறாம் வாரம் பட்டியல் இல்லாமல் பிள்ளை எழுதிய பத்தி. அந்த மூன்று தாள்களையும் கோப்பில் வைத்துக் கொண்டுபோங்கள். 'வாட் இஸ் யுவர் டீச்சிங் ஸ்டைல்?' என்று கேட்டதும் முதலில் கோப்பைத் திறந்து காட்டுங்கள், சொல்லை அதன் பிறகு சொல்லலாம்.